கையெழுத்து இல்லாத பால்

மேடையில் அமர்ந்திருக்கும் பெரிய டாக்டர் அவர்களே, பச்சிளங்குழந்தைப் பிரிவின் டாக்டர் அம்மா அவர்களே, அலுவலகக் கண்காணிப்பாளர் ஐயா அவர்களே, வேலைக்கு நடுவில் சீருடையோடு ஓடிவந்து நிற்கும் சிஸ்டர்களே, என்னோடு துடைப்பம் பிடிக்கும் அக்காமார்களே, பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே! எல்லோருக்கும் வணக்கம்.

நான் நான்காவது மாடியில், பச்சிளங்குழந்தைப் பிரிவில், தரை துடைக்கிற பெண். பேசி எனக்குப் பழக்கம் இல்லை. எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன், அதைப் படிக்கிறேன். இந்த மண்டபத்தின் கடிகாரம் எனக்கு நேர் எதிரே இருக்கிறது. நான் அடிக்கடி அதைப் பார்ப்பேன். தப்பாக நினைக்க வேண்டாம், காரணம் இருக்கிறது.

நம்முடைய பால் சிஸ்டர் போய் இன்றோடு ஒன்பது நாள்.

எனக்கு முன்னால் பேசிய பெரியவர்கள், அவர் பொறுமையின் சிகரம் என்றார்கள். அதிர்ந்து பேசாதவர் என்றார்கள். நம் சிஸ்டரா? படியில் யாராவது குறுக்கே நின்றால் நான்காவது மாடியிலிருந்தே கத்துவாரே, அந்தச் சிஸ்டரா? "வழி விடுய்யா! கையில என்ன காபியா கொண்டு போறேன்?" என்று கேட்பாரே, அவரா? வேண்டாம், ஐயா. அவரை அவராகவே விடுங்கள். அவர் கோபக்காரர். பேனாவைக் கடன் வாங்கினால் திருப்பித் தரமாட்டார்கள் என்று அதை நூலில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டிருந்தவர். வெள்ளை ஷூவின் ஒரு கயிறு அறுந்துபோக, அதற்குப் பதிலாகக் கட்டுத்துணியைக் கோர்த்துக்கொண்டு இரண்டு வருடம் நடந்தவர்.

அவர் செய்த வேலை என்ன? ஒரே ஒரு வேலை. தாய் கீழே ஒரு வார்டில் நோயோடு கிடப்பாள். பிள்ளை மேலே கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும். நடுவில் எண்பத்திரண்டு படி. அந்தத் தாயின் பாலைச் சொட்டுச் சொட்டாக எடுத்து, சின்ன டப்பாவில் அடைத்து, அந்தப் பிள்ளையிடம் சேர்ப்பார். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை. அவ்வளவுதான். கேட்கச் சின்ன வேலை. ஆனால் அவர் போன மறுநாளே அது நின்றுபோனது. பதினெட்டு வருடம் ஓடிய வேலை ஒரே நாளில் நின்றுபோனது!

லிப்ட்கார அண்ணன் இங்கே இருக்கிறார். அவருக்கும் சிஸ்டருக்கும் தினமும் சண்டை. ஒரு தடவை லிப்ட் நடுவில் நின்று, சிஸ்டரும் பாலும் முக்கால் மணி நேரம் உள்ளே மாட்டிக்கொண்டார்களாம். அன்றிலிருந்து அவர் லிப்டில் கால் வைக்கவில்லை.

"சிஸ்டர், இப்பல்லாம் நிக்கறதே இல்ல சிஸ்டர். ஏறுங்க. என் பொழப்புல மண்ணப் போடாதீங்க."

"உன் லிப்ட நம்பி நான் ஏறினா, பிள்ளைக்குப் பல்லு முளைச்ச பிறகுதான் பால் போய்ச் சேரும். போய்யா."

இப்படித்தான் ஏறினார். இப்படித்தான் இரண்டாவது மாடித் திருப்பத்தில், காலை பத்தேகாலுக்கு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். முதலில் ஓடிப்போனது லிப்ட்கார அண்ணன்தான். அவர் சிஸ்டரைத் தூக்கப் போனார். சிஸ்டர் கையிலிருந்த டப்பாவை நீட்டி, "முதல்ல இத மேல குடு" என்றாராம். அதுதான் கடைசி வார்த்தை. அண்ணன் அந்த டப்பாவை மேலே கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். சீட்டில் கையெழுத்து இருந்தது. அதனால் பால் உள்ளே போனது. பிள்ளை குடித்தது. கையெழுத்தோடு போன கடைசிப் பால் அதுதான்.

நான் சிஸ்டரை முதலில் பார்த்தது மூன்று வருடத்துக்கு முன்னால். அப்போது எனக்குப் பதினைந்து வயது, பத்தாம் வகுப்பு. என் அம்மாவுக்கு ஏழாவது மாதத்திலேயே ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வந்துவிட்டது. தம்பியை அவசரமாக எடுத்தார்கள். ஒரு கிலோ நூறு கிராம். அம்மா கீழே தீவிர சிகிச்சைப் பிரிவில். தம்பி நான்காவது மாடியில். அப்பா லாரி ஓட்டுகிறவர். அவருக்கு எந்தப் பக்கம் நிற்பதென்று தெரியவில்லை. படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டார்.

சிஸ்டர் வந்தார். அம்மாவுக்கு அரை மயக்கம். அவர் காதருகே குனிந்து, "உன் பிள்ளைக்குப் பால் எடுக்கப் போறேம்மா, சரியா?" என்று கேட்டார். அம்மா கண்ணை மூடித் திறந்தார். சிஸ்டர் வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து நெஞ்சில் ஒத்தி, விரலால் மெல்ல அழுத்தி அழுத்தி எடுத்தார். முக்கால் மணி நேரம். டப்பாவின் அடியில் மஞ்சளாக மூன்று சொட்டு.

அப்பா எட்டிப் பார்த்தார். "என்ன சிஸ்டர், இவ்வளவுதானா? இது நாக்கு நனையக்கூடக் காணாதே."

"உங்க பிள்ளை என்ன உங்கள மாதிரி ஆளா? அவன் வயிறு ஒரு கோலிக்குண்டு. இந்த மூணு சொட்டு அவனுக்கு விருந்து. தள்ளுங்க."

தம்பியைப் பார்த்துவிட்டு வந்து, ஒரு கிலோ பிள்ளைக்குக் 'குண்டன்' என்று பெயர் வைத்ததும் அவர்தான். இன்றுவரை அதுதான் நிற்கிறது. முன்வரிசையில் அப்பா மடியில் பிஸ்கட் தின்றுகொண்டிருக்கிறானே, அவன்தான் குண்டன்.

தாய்க்கு நோய் வந்தால் பாலுக்கும் நோயா? அம்மாவுக்குப் புது மருந்து எழுதும்போதெல்லாம் சிஸ்டர் டாக்டரை வழிமறித்துக் கேட்பார். "டாக்டர், இது பால்ல போகுமா? போனா பிள்ளைக்கு ஆகுமா, ஆகாதா? பாத்துச் சொல்லுங்க. சும்மா பயந்துபோய் நிறுத்தாதீங்க." பெரும்பாலும் ஆகும் என்றுதான் பதில் வந்தது. ஒரு மருந்துக்கு மட்டும் இரண்டு நாள் கூடாது என்றார்கள். அந்த இரண்டு நாளும் சிஸ்டர் வந்தார், எடுத்தார், தொட்டியில் கொட்டினார். எனக்குத் தாங்கவில்லை. கொட்டுவதற்கு எதற்கு எடுக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"நிறுத்தினா வத்திடும். இன்னைக்குக் கொட்டறதுக்காக எடுத்தாத்தான் நாளன்னைக்குக் குடிக்கறதுக்கு வரும்."

இப்போது நான் இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்பா, உங்களுக்கும் தெரியாது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

அந்த நாட்களில் பாலைச் சிஸ்டர் எடுத்துக் கொடுப்பார், வீட்டு ஆட்களே மேலே கொண்டுபோவார்கள். எல்லாம் ஒரே மாதிரி டப்பா. ஒரு துண்டுச் சீட்டில் படுக்கை எண். ஒரு நாள் மூன்றாவது மாடியில் எனக்கு முன்னால் போன ஒரு சித்தியின் செருப்பு வார் அறுந்துவிட்டது. அவர் அக்கா பிள்ளைக்குப் பால் கொண்டுபோகிறார். "இதக் கொஞ்சம் புடிம்மா" என்று டப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டுக் குனிந்தார். இரண்டு கையிலும் இரண்டு டப்பா. அவர் நிமிர்ந்ததும் ஒன்றைக் கொடுத்தேன். பால் கெடாமல் இருக்கச் சுற்றிவைத்த ஐஸில் நனைந்து இரண்டு சீட்டிலும் மை கலைந்திருந்தது. மேலே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டோம்.

சிஸ்டர்தான் கண்டுபிடித்தார். அம்மாவுக்கு வந்தது ஐந்து மில்லி, குண்டன் குடித்ததாக எழுதியிருந்தது பதினைந்து. மாறிவிட்டது! ஒரு தாயின் பால் இன்னொரு பிள்ளைக்குப் போய்விட்டது. அந்தத் தாயின் ரத்தத்தில் ஏதாவது நோய் இருந்தால்? என் அம்மாவின் ரத்தத்தில் இருந்தால்? இரண்டு தாயின் ரத்தமும் பரிசோதனைக்குப் போனது. முடிவு வர இரண்டு நாள்.

அந்தப் பிள்ளையின் அப்பா பஸ் கண்டக்டர். வராந்தாவில் நின்று கத்தினார். "யார் பால யாருக்குக் குடுத்தீங்க? இது ஆஸ்பத்திரியா, சந்தையா? எவன் மாத்தினான், கூப்பிடு அவன!"

நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். ஓர் அடி முன்னால் வைத்தால் போதும். வைக்கவில்லை.

"மாத்தினது நான்தான்" என்றார் சிஸ்டர். "சரியா ஒட்டாம அனுப்பினேன். தப்பு என்னுது. ரத்தத்துல ஏதாவது வந்தா என்மேல எழுதிக் குடுங்க."

ஒன்றும் வரவில்லை. இரண்டு பிள்ளைகளும் நன்றாக இருந்தார்கள். ஆனாலும் அவர் ஏட்டில் கரும்புள்ளி விழுந்தது. பதவி உயர்வு அந்த வருடம் போனது, பிறகு வரவே இல்லை. நான் போய் அவர் எதிரில் நின்று அழுதேன். "அழுது முடிச்சாச்சா? மணி நாலு. வா, பால் எடுக்கணும்" என்றார்.

அதற்கு அடுத்த வாரம் பச்சிளங்குழந்தைப் பிரிவின் கதவில் ஓர் அட்டையை ஒட்டினார். இன்றும் இருக்கிறது, நான்தான் தினமும் துடைக்கிறேன். 'தாயின் பெயர் எழுதிய கைப்பட்டையையும் டப்பாவின் சீட்டையும் படுக்கையருகிலேயே ஒன்றாக வைத்துப் பார்த்த நர்ஸின் கையெழுத்து இல்லாத பால் உள்ளே வரக்கூடாது.' அன்றிலிருந்து ஒவ்வொரு டப்பாவிலும் அவரே கையெழுத்துப் போட்டார். அவரே ஏறினார். விடுமுறை நாளிலும் வந்தார். ஐம்பத்தாறு வயதில் ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை எண்பத்திரண்டு படி!

கேட்கிறீர்களா, பெரியோர்களே? அந்த அட்டை என்னால் வந்தது. அந்தப் படிகளை அவர் காலில் கட்டியது நான். இன்றைக்குத்தான் தூணை விட்டு வெளியே வருகிறேன்.

என் அம்மா இருபத்திரண்டாம் நாள் இறந்துபோனார். தம்பியை ஒரே ஒரு தடவைதான் தொட்டார். சிஸ்டரும் டாக்டர் அம்மாவும் அவனைத் துணியில் சுற்றிக் கீழே கொண்டுவந்து அம்மா நெஞ்சில் பத்து நிமிடம் படுக்கவைத்தார்கள். அதோடு சரி. ஆனால் பால் அறையின் உறைபெட்டியில் அம்மாவின் பால் இருபது டப்பா இருந்தது. ஒவ்வொன்றிலும் தேதி, நேரம், கையெழுத்து. அம்மா போன பிறகும் ஆறு நாள் அம்மாதான் அவனுக்குப் பால் கொடுத்தார். கடைசி டப்பாவைக் கரைக்கும்போது சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு என் கையில் பிடிக்கவைத்தார். "நீயே குடு" என்றார். திரும்பி நின்றுகொண்டார். இதைத்தான் சார் நான் சேவை என்று நினைக்கிறேன்.

பிறகு நான் பள்ளிக்கூடம் போகவில்லை. குண்டனை வளர்த்தேன். இந்த வருடம் இங்கே வேலைக்கு வந்தேன்.

இப்போது இன்றைய நிலைமைக்கு வருகிறேன். கீழே அறுவை சிகிச்சை வார்டில், ஏழாம் எண் படுக்கையில், ஒரு தையல்காரரின் மனைவி இருக்கிறார். பிரசவ ஆபரேஷனில் வயிற்றில் போட்ட தையல் சீழ் பிடித்து மறுபடி திறந்து கட்டியிருக்கிறார்கள். ஒரு கையில் மருந்து ஏறுகிறது. எழுந்து உட்கார முடியாது. அவருடைய பெண் குழந்தை மேலே பதினோராம் எண் பெட்டியில். சிஸ்டர் கடைசியாக நீட்டிய டப்பா அந்தப் பிள்ளைக்குத்தான். அன்று நாற்பது மில்லி இருந்தது.

மறுநாளும் பால் வந்தது. வேலைக்கு நடுவில் நான் போய் டப்பாவைப் பிடித்தேன். எழுதினேன், ஒட்டினேன். எல்லாம் இருந்தது, கையெழுத்து இல்லை. மேலே வாசலில் நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியது சரி! ஒரு தடவை மாறியது போதாதா? அந்த சிஸ்டர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. கீழே வார்டில் நாற்பது படுக்கைக்கு ஒரு சிஸ்டர், அவரால் அரை மணி நேரம் ஒரே படுக்கையில் நிற்க முடியாது. அதுவும் எனக்குத் தெரியும். கண்காணிப்பாளர் ஐயாவிடம் போனேன்.

"ஆள் கேட்டு எழுதியாச்சும்மா. மேல இருந்து ஆர்டர் வரணும். அதுவரைக்கும் பால் அறை பூட்டிதான் இருக்கும்."

"எப்ப சார் வரும்?"

"வரும்போது வரும். நீ போய் வேலையப் பாரு."

அன்றைக்கு வாய்க்குள்ளேயே நின்றுபோனதை இன்று சொல்கிறேன், ஐயா. ஆர்டர் காத்திருக்கும். பால் காத்திருக்காது.

நாற்பது இருந்தது. முப்பது ஆனது. பிறகு இருபத்திரண்டு. நேற்று பதினெட்டு. தையல்காரர் நேற்று டப்பாவைப் பிடுங்கிக்கொண்டார். "விடும்மா. கொட்டறதுக்கு எதுக்கு அவ உயிர எடுக்கறீங்க? வலியில பல்லக் கடிச்சுக்கிட்டு கெடக்கறா, பாக்கறியா இல்லையா?" என்றார். படுக்கையிலிருந்து அந்த அம்மாதான் அதட்டினார். "குடுங்க அத அந்தப் பொண்ணுகிட்ட. நிறுத்தினா வத்திடும்னு சிஸ்டர் சொல்லியிருக்காங்க. உங்களுக்கு என்ன தெரியும், காஜா தைக்கத் தெரியும்." அதைச் சொல்லிச் சிரித்தார். சிரித்தால் வயிறு வலிக்கிறது, அதனால் உடனே அழுதார்.

மேலே அந்தப் பிள்ளைக்கு மாவுப்பால் போகிறது. வேறு வழியில்லாமல்தான் கொடுக்கிறார்கள். அதற்கு வயிறு இரண்டு தடவை உப்பிவிட்டது. நேற்று டாக்டர் அம்மா அதன் வயிற்றைத் தடவிப் பார்த்து, "தாய்ப்பால் கிடைச்சா நல்லா இருக்கும்" என்று பெருமூச்சு விட்டார்கள். நான் பக்கத்தில்தான் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். கிடைக்கிறது, டாக்டர் அம்மா! எண்பத்திரண்டு படிக்குக் கீழே கிடைக்கிறது! தொட்டியில் கொட்டிக்கொண்டிருக்கிறோம்!

என் கையில் இருக்கும் இந்த டப்பாவைப் பாருங்கள். எல்லோரும் மாலை கொண்டுவந்தீர்கள், நான் இதைக் கொண்டுவந்தேன். இன்று ஒரு மணிக்கு எடுத்தது. பன்னிரண்டு மில்லி. ஏழாம் எண், பதினோராம் எண், தேதி, நேரம் எல்லாம் எழுதியிருக்கிறது.

இரக்கப்பட்டு யாரும் இதில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். படுக்கையருகில் நின்று பார்க்காதவர் போடக்கூடாது. போட்டால், மேடையில் மாலை போட்டு வைத்திருக்கும் அந்தப் படத்திலிருந்து சிஸ்டர் இறங்கிவந்து திட்டுவார். இது கொட்டுகிற பால்தான். இதை நான் கொட்டிவிடுவேன்.

ஆனால் நான்கு மணிக்கு அடுத்த பால் எடுக்க வேண்டும். இப்போது மூன்று ஐம்பது.

இந்த மண்டபத்தில் சீருடையில் இருபது சிஸ்டர்களாவது நிற்கிறீர்கள். எல்லோரும் சிஸ்டரைப் பற்றி நல்லதாகப் பேசினீர்கள். எல்லோர் கண்ணும் கலங்கியிருக்கிறது, நான் இங்கிருந்து பார்க்கிறேன். உங்களில் ஒருவர் இப்போது என்னோடு ஏழாம் எண் படுக்கைக்கு வந்தால் போதும். அரை மணி நேரம். கைப்பட்டையையும் சீட்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும். ஏழு மணிக்கு வேறொருவர். நாளைக்கு வேறொருவர். முறை வைத்துக்கொண்டால் ஓர் ஆளுக்கு வாரத்துக்கு இரண்டோ மூன்றோ தடவைதான் வரும். ஆர்டர் வரும்வரைக்கும். பெரிய டாக்டர் ஐயா, நீங்கள் இங்கேயே 'சரி' என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். பூட்டின சாவியைக் கொடுக்கச் சொல்லுங்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

படி ஏறுவதை என்னிடம் விடுங்கள். சிஸ்டர் ஏறிய படி ஒவ்வொன்றும் நான் ஏறுவேன். என் வேலை நேரத்துக்கு முன்னாலும் ஏறுவேன், பின்னாலும் ஏறுவேன். லிப்டை நம்ப மாட்டேன், லிப்ட்கார அண்ணன் மன்னிக்கணும். இனி ஒரு டப்பாவும் என் கையில் மாறாது. இது என் அம்மா மேல் ஆணை, சிஸ்டர் மேல் ஆணை.

அடுத்து எல்லோரும் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தப் போகிறீர்கள். என்னால் நிற்க முடியாது. ஏழாம் எண்ணில் அந்த அம்மா கதவையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். இன்று பன்னிரண்டு. நாளை எத்தனை என்று எனக்குத் தெரியாது.

சிஸ்டரின் பேனா என் கழுத்தில் இருக்கிறது. லிப்ட்கார அண்ணன் படியிலிருந்து எடுத்து வைத்திருந்தார். நூலோடு இருக்கிறது, எழுதுகிறது.

நான் வாசலில் நிற்கிறேன். மூன்று ஐம்பத்தைந்துவரை நிற்பேன்.

யார் வருகிறீர்கள்?